கொடுத்த சாப்பாடும் உள்ளே போன சாப்பாடும்: விடுதியிலுள்ள முதியவரின் ஊட்டத்தைத் தாதியர் கவனிக்கும் முறை

வயது முதிர்ந்த நோயாளர் ஒருவருக்கு வைத்தியசாலைச் சமையலறை என்ன அனுப்பியது என்பது பதிவேட்டில் இருக்கும். அதில் எவ்வளவு அவருடைய வயிற்றுக்குள் போனது என்பது, தாதி பார்த்து எழுதினாலன்றி, எங்கும் இருக்காது. வைத்தியர் காலையில் சுற்றி வருவார், ஊட்டவியலாளர் அழைத்தால் வருவார், உறவினர் பார்வை நேரத்தில் வருவார். ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டின் போதும் விடுதியில் நிற்பவர் தாதி ஒருவரே. திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என இம்மாவட்டத்தின் வைத்தியசாலைகளில் புதிதாகக் கடமையேற்கும் தாதிய உத்தியோகத்தர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. முதியவரின் கட்டிலருகே துணைக்கு நிற்கும் மகளுக்கும் மருமகனுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

ஊட்டக் குறைவை முதுமையின் இயல்பு என்று எண்ணி விட்டுவிடுவது பெருந்தவறு. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்தார்கள் என்று 2007 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவர்களுக்கு நோய் இருக்கவில்லை, காய்ச்சல் இருக்கவில்லை, சாப்பாடும் சரியாகக் கொடுக்கப்பட்டது. அப்படியிருக்க, நிமோனியாவோ இடுப்பெலும்பு முறிவோ கண்டு, பாதிப் பசியில் அதே பத்து நாளைக் கழிக்கும் ஒருவரின் கால்கள் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வீடு போவதற்கும், புண் ஆறாமல் இழுபடுவதற்கும், படுக்கைப் புண் தொடங்குவதற்கும் பின்னால் பல வேளைகளில் சாப்பிடாத தட்டு ஒன்று இருக்கிறது.

வந்த அன்றே செய்ய வேண்டியவை

அனுமதிக்கப்பட்ட முதல் 24 மணி நேரத்துக்குள் நிறையை அளந்து கட்டில் அட்டையில் எழுதிவிட வேண்டும். "நிற்க முடியாது, ஆகவே அளக்கவில்லை" என்ற குறிப்பு நாளடைவில் "அளக்கவே இல்லை" என்றாகிவிடுவதால், அன்றே மாற்று வழியைத் தேடுவது நல்லது. நாற்காலித் தராசு இருந்தால் அதில் இருத்தலாம். அதுவும் இல்லையென்றால் தையல் நாடா ஒன்று போதும். மேற்கையின் நடுச் சுற்றளவு 23.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் உடல்நிறைச் சுட்டெண் (கிலோவிலான நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 20 க்குக் கீழே இருக்க வாய்ப்புண்டு; கெண்டைக்காலின் சுற்றளவு 31 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் தசை கரைந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். காலில் வீக்கமும் வயிற்றில் நீரும் உள்ளவரிடம் தராசு காட்டும் எண்ணை நம்பக் கூடாது. அவருக்குக் கையின் அளவே உண்மைக்குக் கிட்டியது.

அடுத்ததாக மதிப்பெண் இட வேண்டும். முதியோருக்கெனப் பல அளவுகோல்கள் இருந்தாலும், 'மஸ்ட்' எனப்படும் முறை விடுதிக்கு எளிது. சுட்டெண் 20 க்கு மேல் என்றால் 0, 18.5 முதல் 20 வரை என்றால் 1, அதற்கும் கீழே என்றால் 2. கடந்த மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகவே குறைந்த நிறை 5 வீதத்துக்குள் என்றால் 0, 5 முதல் 10 வீதம் என்றால் 1, அதைத் தாண்டினால் 2. கடும் நோயினால் ஐந்து நாட்களுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை, அல்லது சாப்பிடப் போவதில்லை என்றால் இன்னும் 2. கூட்டி வருவது 2 அல்லது அதற்கு மேல் என்றால் அவர் அதிக ஆபத்தில் இருப்பவர். 50 கிலோவாக இருந்த ஒருவர் 44 கிலோவாக வந்தால் அது 12 வீத இழப்பு. மற்றைய எதையும் பாராமலே அவர் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவார். மதிப்பெண்ணை எழுதி வைப்பதோடு நிற்காமல் வைத்தியருக்கும் ஊட்டவியலாளருக்கும் வாயால் சொல்லவும் வேண்டும். வாரம் ஒருமுறை மீண்டும் அளக்கவும் வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ இருந்தீர்கள் என்று கேட்டால் தம்பலகாமத்து வயல்காரரோ சம்பூர் மூதாட்டியோ பதில் சொல்லப் போவதில்லை. கிளினிக் கொப்பி இருந்தால் அதைப் புரட்டினாலே பழைய நிறை கிடைத்துவிடும். இல்லையென்றால் உடம்பே சொல்லும்: சட்டை தோளில் தொங்குகிறதா, காப்பு முழங்கை வரை ஏறுகிறதா, மோதிரம் கழன்று விழாதிருக்க அடியில் நூல் சுற்றப்பட்டிருக்கிறதா, கட்டுப்பல் பேசும்போதே ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யார் சமைக்கிறார்கள், அவர் தனியே இருக்கிறாரா, பிள்ளைகள் வெளிநாட்டிலா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பாணும் தேத்தண்ணீரும், மாலையில் விசுக்கோத்தும் தேத்தண்ணீரும் என்று மாதக்கணக்காக வாழ்ந்து வந்தவர்கள் நாம் நினைப்பதிலும் அதிகம்.

வாயும் விழுங்குதலும்

சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன் டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்க்க வேண்டும். காய்ந்து வெடித்த நாக்கு, நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கோ இழுப்பு மருந்துக்கோ பின்னர் படியும் வெள்ளைப் பூஞ்சணம், ஆடும் பல், கட்டுப்பல் உரசிய புண் ஆகிய ஒவ்வொன்றும் தனியாகவே ஒருவரைப் பட்டினி போடப் போதுமானவை. பல்லாண்டுகள் வெற்றிலையும் பாக்கும் போட்டவர்களில் சிலருக்கு வாய் முழுதாகத் திறக்காது. அவர்களுக்குச் சிறிய தேக்கரண்டி வேண்டும். கட்டுப்பல் எங்கே என்று கேட்கத் தவறக் கூடாது. அது பெரும்பாலும் லேஞ்சியில் சுற்றப்பட்டுத் தலையணைக்கடியிலோ, "தொலைந்துவிடும்" என்ற பயத்தால் வீட்டு அலமாரியிலோ இருக்கும். காலையிலும் இரவிலும் வாயைச் சுத்தம் செய்வது பசியைத் தூண்டுவதோடு, உமிழ்நீரிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் போவதையும் குறைக்கும்.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், கடும் தளர்ச்சி உள்ள எவருக்கும் விழுங்குதலைச் சோதிக்காமல் ஒரு மிடறு தேத்தண்ணீரும் கொடுக்கக் கூடாது. முழு விழிப்பில் நிமிர்ந்து இருக்கும் ஒருவர் 90 மில்லிலீற்றர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கிறாரா, குடித்த பின் இருமுகிறாரா, குரல் தண்ணீர் கலந்ததுபோல மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற தாதியர் கட்டிலருகிலேயே செய்யலாம். ஐயம் எழுந்தால் வாயால் எதுவும் கொடுக்காமல் வைத்தியரிடம் அறிவித்து, பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரின் கருத்தைப் பெற வேண்டும். இருமாமலே உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே சாப்பிட்ட பின் வரும் காய்ச்சலையும் மூச்சு வேகத்தையும் சாப்பாட்டோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

சாப்பாட்டு நேரம்

விடுதியில் சாப்பாட்டு நேரம் என்பது தட்டு வந்து சேரும் நேரத்தில் தொடங்குவதில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்னரே தொடங்குகிறது. கழிவறைக்குப் போக வேண்டியவரைப் போகச் செய்து, பெட்பானை அப்புறப்படுத்தி, கைகளைக் கழுவி, வாயைக் கொப்பளிக்கச் செய்து, கண்ணாடியை அணிவித்து, கட்டிலின் தலைப்பக்கத்தை முழுமையாக உயர்த்தியோ கதிரையில் இருத்தியோ விட வேண்டும். புண்ணுக்கு மருந்து கட்டுவதையும், இரத்தம் எடுப்பதையும், எக்ஸ்ரேக்கு அனுப்புவதையும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லும் உரிமை தாதிக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் சீழ்க் கட்டு அவிழ்க்கப்படும் போது எவராலும் சோறு சாப்பிட முடியாது.

நாளத்தில் மருந்தேற்றப் போடும் கனுலா எந்தக் கையில் என்பது இங்கே சிறிய விடயமல்ல. நம்மவர் வலக்கையால் சாப்பிடுபவர்கள். அந்தக் கையின் முழங்கை மடிப்பில் ஊசியைக் குத்தி, பிளாஸ்டர் சுற்றி, பலகையும் கட்டிவிட்டால் அந்த மூதாட்டி இடக்கையால் சாப்பிட மாட்டார். கரண்டி கொடுத்தாலும் இடக்கையில் பிடிக்கக் கூசுவார். ஊட்டி விடும்படி கேட்பதற்கும் வெட்கப்பட்டு, "பசி இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார். முடிந்த வரையில் இடக்கையின் முன்பகுதியில் கனுலாவைப் போட்டால் மூன்று நாள் சாப்பாடு தப்பும்.

தட்டைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தையும் ஒரு தடவை உற்றுப் பார்க்கலாம். சிற்றூழியர் லொக்கரின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். முதியவர் படுத்திருக்கிறார், லொக்கர் அவருடைய தலைக்குப் பின்னால் இருக்கிறது. தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்க்கப்பட்டிருக்கிறது, அதை எடுக்க இரண்டு கை வேண்டும். கறி பொலித்தீன் பையில் முடிச்சிடப்பட்டிருக்கிறது, அந்த முடிச்சை மூட்டுவாதம் கண்ட விரல்களால் அவிழ்க்க இயலாது. கண்ணில் புரை வளர்ந்திருப்பதால் வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மீன் துண்டு இருக்கிறது, முள்ளுக்குப் பயந்து அதைத் தொடமாட்டார். ஒரு மணி நேரத்தில் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது; "சாப்பிட விருப்பமில்லை" என்று அட்டையில் ஏறுகிறது. அவருக்கு விருப்பம் இருந்தது, வழிதான் இருக்கவில்லை.

ஆகவே மூடியைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, முள்ளெடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, தட்டில் என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சூடையும் கீரியும் மலிவு, சத்தும் மிகுதி; ஆயினும் முள் அதிகம் என்பதால் தாமே முள்ளெடுக்க முடியாதவருக்குப் பாரை, சூரை போன்ற பெரிய மீனின் துண்டோ, அவித்து உதிர்த்து வறுத்த சுறாப்புட்டோ பாதுகாப்பானது. பக்கவாதத்துக்குப் பின்னர் ஒரு பக்கத்தையே உணராத நோயாளர் தட்டின் வலப்பாதியை மட்டும் துடைத்ததுபோலச் சாப்பிட்டு, இடப்பாதியைத் தொடாமல் விட்டிருப்பார். தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்.

ஊட்ட வேண்டியவருக்கு ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. அவருடைய கண்மட்டத்துக்கு இருந்து, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்க, தேக்கரண்டியளவு கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ட பின்னரே அடுத்த வாயைக் கொடுக்க வேண்டும். பக்கவாதம் என்றால் பலமுள்ள கன்னத்தின் பக்கமாகக் கொடுத்து, முடிந்ததும் மற்றக் கன்னத்தில் உணவு தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. முடிந்த பின்னரும் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். மதியப் பார்வை நேரத்தில் வரும் பிள்ளைகள் அன்பு மிகுதியால் படுத்த நிலையிலேயே தாய்க்கு ஊட்டுவதைக் கண்டால், கடிந்து பேசாமல், கட்டிலை உயர்த்திக் காட்டி ஒரு கரண்டியைத் தாமே ஊட்டிக் காண்பிப்பது பயன் தரும். ஒரு மகளுக்குச் சரியாகப் பழக்கிவிட்டால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் அவர் உதவுவார். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் நாள்தோறும் வந்துபோக முடியாத குடும்பங்கள் உண்டு என்பதால், யாருக்கு எவரும் வருவதில்லை என்பதைக் கடமை மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். உதவி தேவைப்படுபவரின் தட்டை வேறு நிறத்தில் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் இருக்கிறது. நம்மிடம் வேறு நிறத் தட்டு இல்லையென்றால் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டினாலும் அதே வேலை நடக்கும்.

"சாப்பிட்டீங்களா, அம்மம்மா?" என்று கேட்டால், "ஓம் மிஸி, சாப்பிட்டன், காணும்" என்றுதான் பதில் வரும். மரியாதை தெரிந்த தலைமுறை அது; தாதிக்குக் கரைச்சல் கொடுக்க விரும்பாது. "இண்டைக்கு என்ன கறி தந்தவை?" என்று கேட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதைவிடத் தட்டைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.

கஞ்சி போதுமா

வயதானவருக்கு வருத்தம் என்றதும் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் முதலில் வருவது கஞ்சி. இலகுவாக இறங்கும், சூடாக இருக்கும், மனத்துக்கும் ஆறுதல். அதிலே குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வடித்த நீர்க்கஞ்சியின் ஒரு கோப்பையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும், அது வயிற்றை நிரப்பிவிட்டு அடுத்த மூன்று மணி நேரத்துக்குப் பசியையும் அடக்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ உடல்நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரியும், குறைந்தது 1 கிராம் புரதமும் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டிகளின் பொது அளவு. நோயும் புண்ணும் உள்ளவருக்குப் புரதம் 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். 45 கிலோ நிறையுள்ள மூதாட்டிக்கு அது 1350 கலோரியும், 54 முதல் 67 கிராம் வரை புரதமும் ஆகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும், சமைத்த 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும், ஒரு கோப்பைப் பாலில் 6 அல்லது 7 கிராமும் உண்டு. கஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எட்ட வேண்டுமென்றால் அவர் நாள் முழுவதும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கஞ்சியை நிறுத்தத் தேவையில்லை, அதைக் கனக்கச் செய்தால் போதும். அரிசியோடு பயற்றையோ பருப்பையோ சேர்த்துக் குழைய வேகவைத்து, இறக்கும் முன் முட்டையொன்றை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டு, கட்டித் தேங்காய்ப்பாலோ இரண்டு மேசைக்கரண்டி பால்மாவோ கலந்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் அதே கோப்பை வேறோர் உணவாகிவிடும். அந்த நெய் மட்டுமே 40 கலோரிக்கு மேல் தரும். குரக்கன் கஞ்சியைப் பாலில் காய்ச்சலாம். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து முட்டையோடு பிசையலாம். மாலை நான்கு மணிக்கு வரும் வெறும் தேத்தண்ணீருக்குப் பதிலாக எருமைத் தயிரும் மசித்த கதலி வாழைப்பழமும் கொடுக்கலாம். மச்சம் தொடாதவருக்குத் தயிர், பயறு, கடலை, எள்ளுப்பாகு ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்ய முடியும். மூன்று பெரிய சாப்பாட்டை முடிக்க இயலாதவருக்கு ஆறு சிறிய சாப்பாடு சரியான வழி. வீட்டிலிருந்து பார்சல் கொண்டுவருபவரிடம் "நல்ல சாப்பாடு கொண்டு வாங்கோ" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நாளைக்கு முட்டை போட்ட பயற்றங்கஞ்சி ஒரு போத்தலில் கொண்டு வாங்கோ, அண்ணை" என்று குறித்துச் சொன்னால் அது வந்து சேரும். சமைத்த நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்குக் கட்டிய தேங்காய்ப்பால் கறி திருகோணமலை வெயிலில் மதியம் வரை தாங்காது.

பேணியில் வரும் ஊட்டமா விலை கூடியது என்பதால், குடும்பத்தார் பேணியை நீட்டிக்க எண்ணி ஆறு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டுக் கரைப்பதை அடிக்கடி காணலாம். அது நிறமிட்ட தண்ணீர். வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தால் பேணியில் அச்சிட்ட அளவுப்படி கரைத்து, சாப்பாட்டுக்குப் பதிலாக அல்லாமல் இரு சாப்பாட்டுக்கு இடையில் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு அதிலிருந்து 400 கலோரியும் 30 கிராம் புரதமுமாவது கிடைத்தால்தான் பலன் தெரியும். வாங்க வசதியில்லாதவரை அதற்காக வருந்தவிடத் தேவையில்லை, முட்டையும் பால்மாவும் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

உப்பில்லை, சீனியில்லை, எண்ணெயில்லை, மஞ்சட்கரு இல்லை என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்துவந்த தடைகளோடு சிலர் வருவார்கள். நிறை இறங்கிக்கொண்டிருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அவை எல்லாம் இன்னும் தேவையா என்று வைத்தியரிடம் கேட்பது தாதியின் கடமைக்குள் அடங்கும். அவற்றில் சில தளர்த்தப்பட்ட அன்றே சாப்பாடு இறங்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

பத்தியம், விரதம், நோன்பு

புண் உள்ளவருக்கு இறாலும் நண்டும் சில மீன்களும் புண்ணுக்கு ஆகாத கிரந்தி என்று குடும்பத்தார் மறுத்தால் வாதிட்டுப் பயனில்லை. அவர்களுடைய பட்டியலில் எது ஆகும் என்று கேட்டால் பாற்சுறா, முட்டை, பயறு, முருங்கையிலை என்று ஏதேனும் வரும், புரதம் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாதவருக்கும், கந்தசஷ்டி நாட்களில் இருப்பவருக்கும் அன்றைய புரதத்தை முன்கூட்டியே பாலிலும் தயிரிலும் ஒழுங்கு செய்ய வேண்டும். றமழான் மாதத்தில் கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் மூத்தம்மா நோன்பை விட மாட்டேன் என்றால், நோயுற்றவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதைத் தாதி சொல்வதைவிட அவருடைய மகனோ மௌலவியோ சொல்வது மனத்தில் ஏறும். அதையும் மீறி அவர் பிடித்தால், இன்சுலினும் குளிசைகளும் பழைய நேரத்திலேயே போய்க்கொண்டிருக்காதபடி உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

தண்ணீர்

முதுமையில் தாகம் மங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடுதியின் மின்விசிறியும் சுடுகாற்றையே தள்ளும். வியர்வை காய்ந்துவிடுவதால் இழப்பும் தெரியாது. இதயமோ சிறுநீரகமோ காரணமாகத் தடை இல்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.6 லீற்றரும், ஆணுக்கு 2 லீற்றரும் குடிபானம் வேண்டும். பலர் குடிக்காதிருப்பதன் உண்மைக் காரணம் இரவில் கழிவறைக்கு யார் கூட்டிப் போவார் என்ற பயம். அந்த உதவியை உறுதிப்படுத்தி, பகலில் கூடுதலாகக் குடிக்க வைத்தால் சிக்கல் பாதி தீரும். போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை முதியவரிடம் பிழையாகக் காட்டும் என்பதால் புதிதாகத் தோன்றும் குழப்பத்தையும் சிறுநீரின் அளவையும் கவனிக்க வேண்டும். இளநீர் குளிர்ச்சி என்று உறவினர் வெட்டிக்கொண்டு வருவர்; சிறுநீரக நோய் உள்ளவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம், கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

குளிசையும் வெறுவயிறும்

இன்சுலினை மணியைப் பார்த்துப் போடாமல் தட்டைப் பார்த்துப் போட வேண்டும். சாப்பாடு வரவில்லை, அல்லது வந்தும் இரண்டு வாயோடு நின்றுவிட்டது என்றால், போடும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். முதியவரில் சீனி இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் வராமல் குழப்பமும் தூக்கமும் மட்டுமே வரலாம். "வயதுதானே" என்று விட்டுவிடாமல் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும்.

பசியைக் கெடுக்கும் மருந்துகளில் மெட்ஃபோர்மினும் டிஜொக்சினும் இரும்புக் குளிசையும் முன்னிற்பவை. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு கொடுத்தால் உடம்பில் சேருவதும் குறையும். பார்க்கின்சன் நோய்க்குரிய லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் கொடுத்தால், சாப்பிடும்போது கை ஓரளவு சொல்வழி கேட்கும். மலச்சிக்கல் பசியைக் கொல்லும். மூன்று நாள் மலம் போகாதவருக்குப் பசி மருந்து கேட்பது வீண் வேலை.

சத்திரசிகிச்சைக்கு முன் திட உணவு 6 மணி நேரமும், தெளிந்த பானம் 2 மணி நேரமும் நிறுத்தினால் பொதுவாகப் போதும். ஆனால் நள்ளிரவிலிருந்து பட்டினி கிடந்த இடுப்பெலும்பு முறிவு நோயாளரின் பெயர் மதியம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அதை எவரும் அவரிடம் சொல்லாமல், மாலை வரை வெறுவயிற்றோடு கிடந்து, மறுநாளும் அதுவே நடப்பதுண்டு. பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, நீக்கப்பட்ட அந்நிமிடமே சாப்பாடு கொடுப்பதைத் தாதி பொறுப்பேற்காவிட்டால் வேறெவரும் ஏற்கப் போவதில்லை.

நெடும்பட்டினிக்குப் பின்னர்

பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவர், சுட்டெண் 16 க்குக் கீழே உள்ளவர், 15 வீதத்துக்கு மேல் நிறை இழந்தவர் ஆகியோருக்கு ஆசையோடு நிறையக் கொடுப்பதே ஆபத்து. மாவுச்சத்து திடீரென நுழையும்போது இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றும் பொட்டாசியமும் மக்னீசியமும் சரிந்து, இதயத் துடிப்புத் தாறுமாறாகி, உயிர் போகவும் கூடும். வைத்தியர் தயமினை (விற்றமின் பி1) முதலில் கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்துவார். தாதி அந்த முதல் சில நாட்களில் மூச்சு, நாடி, கால்வீக்கம், குழப்பம் ஆகியவற்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உறவினர் மறைவாகக் கொடுக்கும் சீனித் தண்ணீரையும் கண்டுபிடிக்க வேண்டும்.

மூக்குக் குழாய் போட்டால் ஒவ்வொரு முறையும் உணவுக்கு முன் இழுத்தெடுத்த திரவத்தின் பி.எச் (குழாய் வயிற்றில் இருக்கிறதா என்று காட்டும் அமில அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருப்பதைக் கண்ட பின்னரே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்ரே. காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை இனி நம்பக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

எழுதுதல்

"உணவு எடுத்தார்" என்ற குறிப்பினால் எவருக்கும் பயனில்லை. கால், அரை, முக்கால், முழுது என்று எழுத வேண்டும். சோற்றையும் மீன் அல்லது முட்டையையும் தனித்தனியே எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் சோற்றை உண்டு மீனை விட்டவரின் அரைத் தட்டும், மீனை உண்டு சோற்றை விட்டவரின் அரைத் தட்டும் ஒன்றல்ல. தட்டை எடுத்துச் செல்லும் சிற்றூழியரிடம், ஆபத்துள்ளவர்களின் தட்டைக் காட்டிவிட்டே எடுக்கும்படி சொல்லிவைக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பாதிக்குக் கீழே என்றால், காலைச் சுற்றின் போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தியரின் கையில் கொடுக்க வேண்டும். காய்ச்சல் அட்டைக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு.

வீடு போகும்போது

வீடு போகும் நாளின் நிறையைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி, பக்கத்திலேயே வந்த நாளின் நிறையையும் எழுத வேண்டும். சமைக்கப் போகிறவர் யாரோ அவரை அழைத்து, ஒரு நாளின் சாப்பாட்டைக் காலை முதல் இரவு வரை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, எந்த இடத்தில் முட்டையையும் பாலையும் நுழைக்கலாம் என்று சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். தனியே வாழ்பவர் என்றால் அயலில் யார் ஒரு வேளையாவது கொடுப்பார் என்பதையும், அவருடைய பகுதியில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்பதையும் விசாரித்து அறிவிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கு வரும்போது செருப்பைக் கழற்றி, கைப்பையை மகளிடம் கொடுத்து, முடிந்தால் முன்பு ஏறிய அதே தராசில் ஏறும்படி சொல்லி அனுப்ப வேண்டும். நிறை மேலும் இறங்கியிருந்தால், மருந்தை எடுத்துக்கொண்டு வரிசையோடு போய்விடாமல், அந்த எண்ணை வைத்தியரிடம் காட்டும்படி மகளிடம் அப்போதே சொல்லிவைக்க வேண்டும்.